ரிச்சி தெருவில் பழைய கெப்பாசிட்டர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் சென்னை ரிச்சி தெருவில், பழைய போர்டுகளிலிருந்து கழற்றிய சாமான் விற்கும் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) 10,000 மைக்ரோஃபாரட் (இதுதான் கொள்ளளவு), 63 வோல்ட் என்று போட்ட பெரிய கெப்பாசிட்டர் இரண்டு வாங்கினேன். மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, சப்ளை ஆடாமல் பார்த்துக்கொள்ளும் சாமான் இது. ஒன்று 180 ரூபாய். 24-0-24 (நடுவிலிருந்து இரு பக்கமும் 24 வோல்ட் தரும்) டிரான்ஸ்ஃபார்மர் வைத்து நானே கட்டிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபையருக்கு, பிளஸ் பக்கம் ஒன்று, மைனஸ் பக்கம் ஒன்று. அளந்து பார்க்கலாமா என்று கேட்டதற்குக் கடைக்காரர், "மீட்டர் எதுக்கு சார், இங்க பாருங்க" என்று சார்ஜ் ஏற்றி, கால்களுக்குக் குறுக்கே ஸ்குரூ டிரைவரை வைத்தார். பட்டென்று பொறி பறந்தது. காசைக் கொடுத்துவிட்டேன். 2,200 இருந்தாலும் பொறி அதே மாதிரிதான் பறக்கும், இத்தனைக்கும் 15 வருடமாக சால்டரிங் அயர்ன் பிடிக்கிறவன் நான்.

வீட்டில் மாட்டினால், சவுண்டைக் கூட்டக் கூட்ட ஸ்பீக்கரில் உர்ரென்று உறுமல். டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகப்பட்டேன், எர்த் ஒயரை மாற்றி மாற்றிப் போட்டேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போச்சு. கடைசியில் நண்பரின் எல்சிஆர் மீட்டரில் (கெப்பாசிட்டரின் கொள்ளளவை அளக்கும் கருவி) வைத்தால் ஒன்று 2,900, இன்னொன்று 2,600. 20 சதவீதம் முன்னே பின்னே இருக்கும், சரி, இது எந்தக் கணக்கு? 3 ஆம்பியர் இழுக்கும்போது சுமார் 3 வோல்ட் ஏறி இறங்க வேண்டிய சப்ளை 10 வோல்ட் ஆடினால் உறுமாமல் என்ன செய்யும்! கெப்பாசிட்டரைச் சுற்றியிருந்த நீல ஸ்லீவை (பிளாஸ்டிக் உறையை) பிளேடால் கீறினேன். உள்ளே இன்னொரு ஸ்லீவ், வெளிறிப்போன கறுப்பு, 4,700, 50 வோல்ட். கெட்டுப்போய்த் தலை உப்பியிருந்தது தெரியாமலிருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் வட்டம் வேறு ஒட்டியிருந்தார்கள்.

நிஜமாகவே போர்டிலிருந்து கழற்றிய சரக்கில் கால் குட்டையாக, பழைய ஈயம் ஒட்டிக்கொண்டு அசிங்கமாக இருக்கும். இதில் கால் பளபளவென்று இருந்தது, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எல்சிஆர் மீட்டர் இல்லாதவர்கள், முழுக்க வடித்த (சார்ஜை இறக்கிய) கெப்பாசிட்டரை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 12 வோல்ட்டில் இணைத்து, சாதாரண மல்டிமீட்டரையும் போனில் ஸ்டாப்வாட்சையும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். 7.6 வோல்ட் வர 100 வினாடி ஆனால் 10,000 இருக்கிறது. என்னுடையது அரை நிமிடத்தில் வந்துவிட்டது.

இன்வர்ட்டர், எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டர் மாதிரி சாமான்களின் பவர் சப்ளை) இவற்றிலிருந்து வரும் 400 வோல்ட் சாமானில் மட்டும் அந்த ஸ்குரூ டிரைவர் வித்தை வேண்டாம், முனையே உருகும். 100 வாட் குண்டு பல்பு வழியாக வடியுங்கள். வடித்த பிறகும் கொஞ்சம் வோல்டேஜ் தானாக ஏறும் என்பதால் இரண்டு காலையும் ஒரு கம்பியால் சேர்த்துக் கட்டியே வையுங்கள்.

திரும்பக் கொண்டுபோனேன். "ஸ்லீவைக் கிழிச்சுட்டீங்களே சார், இதை யாரு வாங்குவா?" என்றார்.

இப்போது ஆம்பில் இருப்பது அப்பாவின் பழைய ஸ்டீரியோவிலிருந்து கழற்றிய 4,700 நான்கு, பக்கத்துக்கு இரண்டாக. அளந்ததில் நான்குமே 4,000-க்கு மேல்.