கோத்தகிரிக்குப் போனபோது கேட்டுவிட்டேன்

டொராண்டோவில் மூன்று வருடமாக வாயைத் திறக்காத விஷயம் இது. எனக்கு வயது 54. மாதவிடாய் நின்றதிலிருந்து தாம்பத்தியம் என்றாலே எரிச்சல், வலி. அவர் பக்கத்தில் வந்தால் தூக்கம் வந்தவள்போலத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

டிசம்பரில் ஊருக்குப் போனபோது முதலில் நுழைந்த கிளினிக்கில், "என்ன பிரச்சனைன்னு சொன்னாத்தான் டோக்கன்" என்று சீட்டு எழுதும் பெண் சத்தமாகக் கேட்டார். பெஞ்சில் எங்கள் தெருக்காரர் இருவர். "கால் வலி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். எத்தனை பெண்கள் அந்தப் பெஞ்சோடு திரும்பியிருப்பார்களோ!

அப்புறம் அண்ணி சொன்ன லேடி டாக்டரைப் பார்க்கக் குன்னூருக்குப் பஸ் ஏறினேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். "காய்ஞ்ச மாதிரி இருக்குதாம்மா? ரத்தம் ஏதாவது பட்டுதா?" மாதவிடாய் நின்றபிறகு ஒரு துளி பட்டாலும் உடனே காட்ட வேண்டுமாம். மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா என்றும் கேட்டார். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் உள்தோல் மெலிந்து வறண்டிருக்கிறது, பொறுத்துக்கொள்ள அவசியமே இல்லை என்றார். ஈஸ்ட்ரோஜன் கிரீம் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. உறவின்போது வழவழப்புக்கு ஒரு ஜெல்.

"சரி, அவருக்கு எப்படி?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டியில் அவருடைய ஸ்வெட்டருக்கு அடியில் ஒரு சூரண டப்பாவைப் பார்த்திருந்தேன். மேட்டுப்பாளையத்தில் 'நரம்புத் தளர்ச்சி' போஸ்டர் பார்த்து, லாட்ஜில் தங்கியிருந்த பரம்பரை வைத்தியரிடம் வாங்கியது. அவருக்குப் பத்து வருடமாகச் சுகர்.

டாக்டர் சொன்ன பொது மருத்துவரிடம் இருவருமாகப் போனோம். பிரஷர், மூன்று மாதச் சுகர் சராசரி, ஈசிஜி எல்லாம் பார்த்தார். இதய ரத்தக்குழாயைவிட ஆணுறுப்பின் குழாய் சின்னது, அடைப்பு அங்கேதான் முதலில் தெரியலாம் என்றார். விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரை எழுதுமுன், "நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை எடுக்கறீங்களா?" என்று இரண்டு தரம் கேட்டார். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் சரிந்து உயிருக்கே ஆபத்தாம். அந்த லாட்ஜில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் மெதுவாகச் சொன்னார்: "என்னாலதான் நீ திரும்பிப் படுக்கறேன்னு நினைச்சேன்."

டாக்டரிடம் போகிறவர்கள், நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துப் போங்கள். சில பிரஷர் மாத்திரைகளாலும் விறைப்பு குறையலாம்.