கொழும்பில் வழிகாட்டி தேடும் இளம் முயற்சியாளருக்கு: வகுப்பா, அக்செலரேட்டரா, புறக்கோட்டை முதலாளியா?

கொழும்பில் தொழில் தொடங்கும் இளைஞருக்குப் புத்தி சொல்ல ஆள் பஞ்சமில்லை. மாதாமாதம் அவருடைய காசுப் புத்தகத்தைத் திறந்து, "இந்த நாற்பதாயிரம் எங்கே போனது?" என்று கேட்க ஒருவர் கிடைப்பதுதான் அரிது. ஆகவே இருக்கிற வழிகளை ஒரே அளவுகோலால் அளக்கிறோம்: கணக்கை யார் பார்க்கிறார், எவ்வளவு காலம் பார்க்கிறார், பதிலுக்கு என்ன எடுக்கிறார்.

வகுப்பறைப் பயிற்சி

செலவு குறைந்த வழி இது. கட்டுபெத்தையில் கைத்தொழில் அபிவிருத்திச் சபை இருக்கிறது. புறக்கோட்டையில் 101 பஸ் ஏறினால் வாசலுக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். 2006ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய தொழில் முயற்சி அபிவிருத்தி அதிகார சபையும், பிரதேச செயலகங்களில் இருக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் இன்னொரு வாசல். இந்த வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும் பெயர் எஸ்.ஐ.வை.பி. சர்வதேச தொழில் தாபனம் உருவாக்கிய அந்தப் பயிற்சியில் கிரயம், கொள்முதல், கையிருப்பு, பதிவேடு, சந்தைப்படுத்தல் எல்லாம் வரும்.

அவற்றில் கிரயம் ஒன்றுக்காகவே போகலாம். பற்றிஸ் செய்து கடைகளுக்குப் போடுகிறவரை எடுங்கள். 200 பற்றிஸுக்கு மா, மீன், எண்ணெய் 9,000 ரூபாய், அதாவது ஒன்று 45. கடைக்கு 60க்குக் கொடுக்கிறார். நாளுக்கு 3,000 மிச்சம் என்று நினைப்பார். கேஸுக்கு 600, ஓட்டோவுக்கு 800 போகிறது. விற்காமல் 20 திரும்பி வருகிறது. ஆக வரவு 10,800, செலவு 10,400. விடியற்காலை எழும்பி நின்ற வேலைக்குக் கிடைத்தது 400 ரூபாய். தன் கூலியென்று 1,500 எழுதினால் 1,100 நட்டம். இதைத் தாளில் எழுதிப் பார்க்காமலே வருடக்கணக்கில் ஓடும் தொழில்கள் கொட்டாஞ்சேனையில் ஒழுங்கைக்கு ஒன்று இருக்கும்.

ஆனால் வகுப்பு முடிந்த மறுநாள் யாரும் வருவதில்லை. பெருங்கொழும்பிலும் கண்டியிலும் பெண்களுக்கு இதே பயிற்சியைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. ஏற்கெனவே தொழில் செய்தவர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தபோது இலாபம் கூடவில்லை. பயிற்சியோடு காசும் கொடுத்தபோது கூடியது, ஆனால் இரண்டாம் வருடத்தில் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. புதிதாகத் தொடங்க இருந்தவர்கள் மட்டும் சீக்கிரமாகத் தொடங்கினார்கள். ஆகவே தொடங்குமுன் போவது புத்தி. ஓடுகிற தொழிலைத் தூக்கி நிறுத்த இதை மட்டும் நம்பக் கூடாது.

மொழியை முன்கூட்டியே கேளுங்கள். அறிவித்தல் மூன்று மொழியில் இருந்தாலும் வகுப்பு சிங்களத்தில் மட்டும் நடக்கலாம். தமிழில் வேண்டுமென்றால் தனியே கேட்டுப் பயனில்லை. ஒரு வகுப்புக்குப் போதுமான பேரைச் சேர்த்து, பெயர்ப் பட்டியலோடு பிரதேச செயலகத்தில் கடிதம் கொடுங்கள்.

அக்செலரேட்டர்

புதுத் தொழிலைச் சில மாதம் பக்கத்தில் நின்று வேகமாக வளர்க்கப் பார்க்கும் நிகழ்ச்சிதான் அக்செலரேட்டர். இந்தப் பக்கத்தில் கேள்விப்படும் பெயர்கள்: கோட்டை, சேர் பாரன் ஜயதிலக்க மாவத்தையில் ஹட்ச். 2012இல் தொடங்கிய, முதலீட்டாளர்களின் வலையமைப்பான லங்கன் ஏஞ்சல் நெட்வர்க்கும் அதே ஆண்டில் பிறந்த வென்ச்சர் என்ஜின் போட்டியும். அரச பக்கத்தில் இக்டா எனும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம் நடத்திவந்த ஸ்பைரலேஷன். இங்கே வழிகாட்டிகள் கூர்மையானவர்கள், சந்திப்பும் அடிக்கடி நடக்கும், ஆனால் சில மாதங்களுக்கு மட்டும். மென்பொருள், ஏற்றுமதிக்கான பொருள் என்று பலமடங்கு பெருகக்கூடியதற்குப் பொருந்தும். வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையோ தையல் கடையோ போடுகிறவருக்கு நேர விரயம், இதைக் கோபமில்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பமும், முதலீட்டாளர் முன் தொழிலை விளக்கும் பிட்ச்சும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். நல்ல யோசனை அங்கேயே விழுவதுண்டு. பத்து ஸ்லைட்டை மனப்பாடம் செய்வதைவிட மூன்று கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லப் பழகுங்கள்: யார் காசு கொடுக்கிறார், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க எவ்வளவு செலவு, அவர் திரும்பி வருகிறாரா.

முதலீடு வாங்குவதென்றால் பிரதேச செயலகத்தில் பதிந்த வியாபாரப் பெயர் போதாது. பங்கு கொடுக்க 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கம்பனி வேண்டும். 10 இலட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் முதலீடு வந்தபின் கம்பனியின் பெறுமதி ஒரு கோடி. அடுத்தவர் 20 சதவீதம் எடுத்தால் உங்கள் 90, 72 ஆகும். ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சில நிகழ்ச்சிகள் பங்கே எடுப்பதில்லை, அதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடனோடு சேர்ந்த வழிகாட்டி

யூத் பிஸ்னஸ் இன்டர்நேஷனல் வலையமைப்பு பல நாடுகளில் கையாளும் முறை இது: சிறு கடனும் தொண்டராக வரும் ஒரு வழிகாட்டியும் ஒன்றாகக் கிடைக்கும். இலங்கையில் அம்பாந்தோட்டை மாவட்ட வர்த்தக சம்மேளனம் இதில் முன்னோடி. எங்கள் அளவுகோலில் இந்த முறைக்கே கூடிய புள்ளி. தவணை கட்ட வேண்டியிருப்பதால் சந்திப்பும் தள்ளிப் போகாது.

கெடுவது ஆள் பொருத்தத்தில். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளருக்குக் கடன் தெரியும், பேக்கரி தெரியாது. இரண்டு முறை நேரில் வருவார், மூன்றாம் முறை போன், பிறகு வாட்ஸ்அப்பில் "காலை வணக்கம்". அதனால் தொடக்கத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஒரு மணித்தியாலம், பன்னிரண்டு மாதம். வழிகாட்டி உங்களுக்குப் பிணை நிற்கவும் கூடாது, சரக்கு விற்கவும் கூடாது. இரண்டில் ஒன்றைச் செய்தாலும் அவர் சொல்லும் ஆலோசனையில் அவருடைய காசும் கலந்துவிடும்.

தலைமைத்துவக் கழகங்கள்

இளைஞர் தலைமைத்துவ அமைப்பான ஜே.சி.ஐ. 18 முதல் 40 வயதுக்காரருக்கு. மேடைப் பேச்சுப் பழக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகங்களில் முதல் உரை 4 முதல் 6 நிமிடம். திடீரென்று தரும் தலைப்பில் பேசும்போது நேரம் காட்ட 1 நிமிடத்தில் பச்சை விளக்கு, 2இல் சிவப்பு. கொழும்பில் தமிழிலும் கழகங்கள் உண்டு. மூன்று வேலையாட்களுக்கு முன் நின்று தெளிவாகப் பேச இது உதவும். கணக்கை இங்கே யாரும் பார்க்க மாட்டார்கள், அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1999இல் உருவான கோய்ல் ஏற்கெனவே நிலைத்துவிட்ட இளம் முதலாளிமாருக்கான சம்மேளனம். முதல் வருடத்தில் அந்தக் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

புறக்கோட்டை முதலாளி

மொத்த வியாபாரி ஒருவரின் கடையில் நின்று பழகும் வழி இது. சான்றிதழ் இல்லை, விண்ணப்பப் படிவம் இல்லை. ஆனால் கெய்சர் வீதியிலோ செட்டியார் தெருவிலோ ஆறு மாதம் கல்லாப் பக்கத்தில் நின்றவருக்கு வேறெங்கும் கிடைக்காத ஒன்று பிடிபடும்: திகதி தள்ளிய காசோலை. உதாரணமாக, மாதம் 2 இலட்சத்துக்குச் சரக்கு வாங்கி 30 நாள் காசோலை கொடுக்கிறீர்கள். உங்களிடம் வாங்கிய கடைகள் 90 நாளில் தருகின்றன. நடுவே 60 நாள், 4 இலட்சம் ரூபாய் உங்கள் பையிலிருந்து போக வேண்டும். புத்தகத்தில் இலாபம் இருக்க, காசோலை திரும்பும். ஒருமுறை திரும்பினால் அந்தத் தெருவில் அடுத்த கடன் கிடையாது.

குறை என்னவென்றால், முதலாளி தன் வியாபாரத்தைத் தாண்டி யோசிக்க மாட்டார். நீங்கள் அதே சரக்கில் இறங்கினால் வழிகாட்டி போட்டியாளர் ஆகிவிடுவார். அதனால் உங்கள் சரக்குக்கு அடுத்த சரக்கு விற்பவரைப் பிடியுங்கள்: தைப்பவர் பட்டன், சிப் கடைக்காரரிடம், பற்றிஸ்காரர் பொதி செய்யும் பை விற்பவரிடம். முதல் சந்திப்புக்குத் தொழில் திட்டம் கொண்டு போக வேண்டாம். கடந்த மூன்று மாதக் காசுப் புத்தகம், யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்ற பட்டியல், அடுத்த இரு மாதத்தில் மாற இருக்கும் காசோலைகளின் திகதிகள் போதும்.