ஸ்பின் மாடல் செக்கர்: 'எரர்ஸ் 0' என்று வந்த பிறகும் படிக்க வேண்டிய வரிகள்

ஒரே சமயத்தில் ஓடும் ப்ராசஸ்களுக்கு இடையே ஒளிந்திருக்கும் டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்திருந்து எல்லாம் நின்றுபோவது), ரேஸ் (எது முந்துகிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறுவது) போன்ற வழுக்களைத் தேடிப் பிடிக்கும் கட்டற்ற கருவிகளில் ஸ்பின் மூத்த தலைமுறையைச் சேர்ந்தது. யூனிக்ஸ் பிறந்த பெல் லேப்ஸ் ஆய்வுப் பிரிவில் ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 1980-இல் தொடங்கிய வேலை இது. 1991 முதல் மூலநிரலோடு பொதுவில் கிடைக்கிறது. யூனிக்ஸும் அச்சுக்கோப்பு மென்பொருளான டெக்ஸும் முன்பு பெற்ற, கணினியாளர் சங்கமான ஏசிஎம்மின் மென்பொருள் விருது 2001-க்கு ஸ்பினுக்குக் கிடைத்தது. ஹோல்ஸ்மன் 2003-இல் நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரிக்குப் போன பிறகும் இதை விடவில்லை. 2016 ஜனவரியில் வந்த 6.4.5 பதிப்பிலிருந்து பிஎஸ்டி மூன்று-பிரிவு உரிமத்தில் இருப்பதால், நிறுவனத்துக்குள் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை.

நெறிமுறை (ப்ரோட்டோகால்), லாக், க்யூ, பகிர்ந்த மாறி என்று எதையாவது வடிவமைக்கிறவர்கள், நிரல் எழுதும் முன்பே அதன் சுருக்க வடிவத்தை, அதாவது மாடலை, எழுதி ஸ்பினில் போட்டுப் பார்ப்பது நல்லது. இதன் பெரிய பலம், ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் எதைத் தேடினேன், எதைத் தேடவில்லை என்று வரிவரியாகச் சொல்லிவிடுவதுதான். அந்த வரிகளைப் படிக்காதவர்களுக்கு இது ஆபத்தான கருவியும்கூட.

நிறுவுவதில் சிக்கல் இல்லை. டெபியனிலும் உபுண்டுவிலும் 'ஸ்பின்' என்ற பெயரிலேயே பொதி இருக்கிறது. மூலநிரலிலிருந்து கட்டுவதானால் சி கம்பைலரும் யாக் என்ற பார்சர் உருவாக்கியும் போதும்; மேக் கட்டளை கொடுத்தால் முடிந்தது. அதோடு கம்பைலரை நீக்கிவிடக் கூடாது, ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் அது தேவை. காரணம், ஸ்பின் உங்கள் மாடலை நேரடியாகச் சோதிப்பதில்லை. ஸ்பினுக்கான ப்ரொமெலா மொழியில் எழுதிய மாடலை '-ஏ' தெரிவோடு கொடுத்தால், அந்த மாடலுக்கென்றே 'பேன்.சி' என்ற சி நிரலை எழுதித் தரும். அதை ஜிசிசியில் கம்பைல் செய்து, கிடைக்கும் 'பேன்' நிரலை ஓட்டினால் அதுதான் மாடல் அடையக்கூடிய எல்லா நிலைகளையும் (மாறிகளின் மதிப்புகளும் ப்ராசஸ்கள் நிற்கும் இடங்களும்) அலசும். சோதிக்கும் நிரலே உங்கள் கையில் சி மூலமாக இருக்கிறது. எப்படித் தேடுகிறது என்று திறந்து பார்க்கலாம், தேவைக்கேற்பச் சீர்செய்யலாம். வேகமும் இதனால்தான். இந்த மூன்று படிகளையும் ஒரே கட்டளையில் செய்ய '-ரன்' தெரிவு இருக்கிறது. ஆனாலும் தொடக்கத்தில் மூன்றையும் தனித்தனியாகச் செய்து பழகுவது நல்லது. எந்தத் தெரிவு ஸ்பினுக்கு, எது கம்பைலருக்கு, எது பேனுக்கு என்பது அப்போதுதான் பிடிபடும். இணையத்தில் கேட்கப்படும் பாதிக் கேள்விகள் இந்தக் குழப்பத்தில் பிறப்பவை.

ப்ரொமெலா பார்வைக்கு சி மாதிரி இருக்கும், நடத்தை வேறு. 'இஃப்' கட்டத்தில் எந்த நிபந்தனையும் உண்மையாகாவிட்டால் சி தாண்டிப் போகும். ப்ரொமெலாவில் ப்ராசஸ் அங்கேயே நின்று காத்திருக்கும். ஒன்றுக்கு மேற்பட்டவை உண்மையானால் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், சரிபார்ப்பு எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்கும். வெறும் கோவையை ஒரு வரியாக எழுதினால் 'இது உண்மையாகும்வரை காத்திரு' என்று பொருள். 'பைட்' வகை 0 முதல் 255 வரைதான். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் மறுபடி 0 ஆகிவிடும், அது பிழையாகக் கணக்கில் வராது. 'அட்டாமிக்', 'டி-ஸ்டெப்' இரண்டும் பல வரிகளை ஒரே மூச்சில் ஓட வைப்பவை. அட்டாமிக்குக்குள் ஓர் இடத்தில் தடைபட்டால் மற்ற ப்ராசஸ்களுக்கு வழி கிடைக்கும். டி-ஸ்டெப்புக்குள் நடுவில் தடைபட்டால் அது ஓட்டப் பிழை. உள்ளே தேர்வுகளும் இருக்கக் கூடாது. நிஜ நிரலில் பிரிந்து நடக்கும் செயல்களை மாடல் சிறிதாகட்டும் என்று அட்டாமிக்கில் அடைத்தால், தேடி வந்த வழுவே அங்கே மறைந்துபோகும்.

கருவியின் சக்தியைப் பார்க்க ஒரு சிறு மாடல் போதும். இரண்டு ப்ராசஸ்கள், பொது மாறி 'என்', தொடக்கத்தில் 0. ஒவ்வொன்றும் பத்து முறை என்-ஐத் தன் தற்காலிக மாறியில் படித்து, அடுத்த வரியில் ஒன்று கூட்டித் திருப்பி எழுதுகிறது. முடிவில் என் 20-க்குக் குறையலாம் என்பது தெரிந்ததே. எவ்வளவு குறையும்? 10-க்குக் கீழே போகாது என்றுதான் பலரும் சொல்வார்கள். இரண்டும் முடிந்தபின் 'என் 2-ஐவிடப் பெரியது' என்று அஸர்ட் (உண்மையாக இருந்தே ஆக வேண்டிய நிபந்தனை) எழுதி ஓட்டினால், ஸ்பின் அதை உடைத்துக் காட்டும். முதல் ப்ராசஸ் 0-வைப் படித்துவிட்டு நிற்கிறது. இரண்டாவது ஒன்பது சுற்று முடிக்கிறது. முதலாவது தன் பழைய கணக்கின்படி 1 என்று எழுதுகிறது. இரண்டாவது கடைசிச் சுற்றுக்காக அந்த 1-ஐப் படிக்கிறது. முதலாவது மீதி ஒன்பது சுற்றையும் முடிக்கிறது. கடைசியில் இரண்டாவது வந்து 2 என்று எழுதிவிட்டுப் போகிறது. கோடி முறை சோதனை ஓட்டம் விட்டாலும் இந்த வரிசை அகப்படாமல் போகலாம். பேன் இதை நொடியில் கொடுத்துவிடும்.

பிழை கிடைத்ததும், மாடல் கோப்பின் பெயரோடு 'ட்ரெய்ல்' சேர்ந்த கோப்பு ஒன்று உருவாகும். ஸ்பினை '-டி -பி -ஜி -எல்' (-t -p -g -l) தெரிவுகளோடு ஓட்டினால் அந்தப் பாதையை அடியடியாக, மாறிகளின் மதிப்போடு பார்க்கலாம். மாடலை மாற்றிவிட்டுப் பழைய ட்ரெய்லை ஓட்டக் கூடாது. அது வேறு பாதையில் போய்க் குழப்பும், பல சமயம் எச்சரிக்கைகூட வராது. ஆழம் நோக்கித் தேடுவதால் முதலில் கிடைக்கும் பாதை நீளமாக இருக்கும். அகலவாக்கில் தேடும் 'பிஎஃப்எஸ்' மாக்ரோவோடு கம்பைல் செய்தால் மிகக் குறுகிய பாதை கிடைக்கும். டெட்லாக், அஸர்ட் வகைப் பிழைகளுக்கு அதையே முதலில் பயன்படுத்துங்கள்.

பிழை எதுவும் வராதபோதுதான் கவனம் இன்னும் கூட வேண்டும். அறிக்கையின் மேல்பகுதியில் நான்கு சோதனைகளின் பெயர்களும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூட்டல் அல்லது கழித்தல் குறியும் இருக்கும். கழித்தல் என்றால் அந்தச் சோதனை நடக்கவே இல்லை. 'கேட்டவனுக்கு என்றைக்காவது பதில் கிடைக்கும்' என்பது போன்ற எல்டிஎல் பண்பை (காலப்போக்கில் நடக்க வேண்டியதைச் சொல்லும் தருக்க வாக்கியத்தை) எழுதிவிட்டு, பேனை '-ஏ' இல்லாமல் ஓட்டினால் 'அக்செப்டன்ஸ் சைக்கிள்ஸ்' (பண்பை மீறும் முடிவில்லாச் சுழற்சிகள்) வரியில் கழித்தல் இருக்கும், கீழே 'எரர்ஸ் 0' என்றும் வரும். பண்பு சோதிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். எல்டிஎல் பண்பு மாடலில் இருக்கும்போது டெட்லாக் சோதனை தானாக அணைந்துவிடும். டெட்லாக்கைக் குறிக்கும் 'இன்வேலிட் எண்ட் ஸ்டேட்ஸ்' வரியில் அதையும் எழுதியிருக்கும். ஆகவே டெட்லாக்குக்கு ஓர் ஓட்டம், ஒவ்வொரு எல்டிஎல் பண்புக்கும் தனித்தனி ஓட்டம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பல பண்புகளை எழுதியிருந்தாலும், பெரிய எழுத்து 'என்' (-N) தெரிவில் பெயரைச் சொல்லாவிட்டால் முதலாவதை மட்டுமே பேன் எடுத்துக்கொள்ளும்.

அடுத்து ஆழம். தேடலின் ஆழம் இயல்பாக 10,000 அடிக்கு மட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அதைத் தொட்டால் 'மேக்ஸ் சர்ச் டெப்த் டூ ஸ்மால்' என்று ஒரே ஒரு வரி வரும். அதற்குக் கீழேயும் 'எரர்ஸ் 0' நிற்கும்! வெட்டுப்பட்ட பாதைகளுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கருவிக்குத் தெரியாது. '-எம்' தெரிவில் ஆழத்தைக் கூட்டி அந்த வரி மறையும்வரை ஓட்ட வேண்டும். வரம்பைத் தொடுவதையே பிழையாகக் கருதச் சொல்ல பேனுக்கு '-பி' (-b) இருக்கிறது. தானியங்கிச் சோதனை ஸ்கிரிப்டில் கண்டிப்பாக அதைப் போடுங்கள்.

அறிக்கையின் அடியில் 'அன்ரீச்ட்' என்ற தலைப்பில் ஒருமுறைகூட ஓடாத வரிகளின் பட்டியல் வரும். என் மதிப்பீட்டில் முழு அறிக்கையிலும் விலைமதிப்புள்ளது இந்தப் பகுதிதான். பிழையைக் கையாளும் கிளை முழுவதும் அதில் இருந்தால், பிழை வருகிற சூழலே மாடலில் இல்லை என்று பொருள். ப்ராசஸ்களுக்கு இடையே செய்தி போகும் சேனலில், செய்தி தொலைவதைக் காட்ட மறந்தால் மறுமுயற்சிப் பகுதி என்றைக்கும் ஓடாது. அந்த நெறிமுறை 'சரி' என்பதற்கு மதிப்பும் இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: முடிவில்லாமல் காத்திருக்கும் சர்வர் ப்ராசஸை டெட்லாக் என்று ஸ்பின் குற்றம் சொல்லும். அது காத்திருக்கும் இடத்தில் 'எண்ட்' என்று தொடங்கும் லேபிள் வைத்தால் போதும்.

நினைவகம்தான் நிரந்தரத் தலைவலி. அறிக்கையில் வரும் 'ஸ்டேட்-வெக்டர்' எண், ஒரு நிலைக்கு எத்தனை பைட் என்பதைச் சொல்கிறது. 100 பைட், ஒரு கோடி நிலை என்றால் நிலைகளைச் சேமிக்கவே சுமார் 1 ஜிபி போய்விடும். முதல் மருந்து மாடலுக்குள்தான்: தேவையில்லாத மாறிகளை நீக்குவது, வேலை முடிந்த தற்காலிக மாறியை 0 ஆக்குவது, சேனலின் இடங்களை இரண்டு மூன்றாகக் குறைப்பது. சேனலில் ஓர் இடம் கூடினாலும் வெக்டரும் நீளும், நிலைகளும் பெருகும். அடுத்து, எல்டிஎல் இல்லாத ஓட்டங்களுக்கு 'சேஃப்டி' மாக்ரோ. அதுவும் போதாவிட்டால் 'கொலாப்ஸ்' மாக்ரோ, கொஞ்சம் வேகத்தை விலையாகக் கேட்டு நினைவகத்தை நன்றாகக் குறைக்கும்.

கடைசி ஆயுதம் 'பிட்ஸ்டேட்'. நிலையை முழுதாகச் சேமிக்காமல், ஹேஷ் செய்து (சிறு எண்ணாகச் சுருக்கி) சில பிட்களை மட்டும் குறித்துவைக்கும் ஹோல்ஸ்மனின் உத்தி. இரண்டு நிலைகள் ஒரே பிட்களில் மோதினால் இரண்டாவது விடுபடும். எனவே இதில் கிடைக்கும் பிழை உண்மையான பிழை. பிழையின்மை உறுதியானது அல்ல. எவ்வளவு நம்பலாம் என்பதற்கு 'ஹேஷ் ஃபேக்டர்' (ஒரு நிலைக்கு எத்தனை பிட் இடம்) என்ற எண்ணையும், அது 100-க்கு மேல் இருப்பது நல்லது என்ற குறிப்பையும் பேனே அச்சிடுகிறது. '-டபிள்யூ 33' கொடுத்தால் பிட் வரிசைக்கு 1 ஜிபி ஆகும், அதில் சுமார் 8.6 கோடி நிலைகள்வரை அந்த அளவு கிடைக்கும். எண் 100-க்குக் கீழே இறங்கினால் ஹேஷை மாற்றி மாற்றிப் பல சிறு ஓட்டங்கள் விடலாம். அதற்கென்றே ஹோல்ஸ்மனும் சகாக்களும் எழுதிய துணைக்கருவி 'ஸ்வார்ம்'.

இவையெல்லாம் வகுப்பறைக் கவலைகள் அல்ல. லூசென்ட்டின் பாத்ஸ்டார் தொலைபேசி இணைப்பகத்துக்கு, சி நிரலிலிருந்தே மாடலைப் பிரித்தெடுத்து, 16 சிபியுக்களில் இரவெல்லாம் ஸ்பின் ஓடியது. ராட்டர்டாம் அருகிலுள்ள புயலலைத் தடுப்பின் கட்டுப்பாட்டு வடிவமைப்பிலும் இதைப் பயன்படுத்தினார்கள். நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தைத் தானாக இயக்கும் ரிமோட் ஏஜென்ட் மென்பொருளின் ஒரு பகுதியை 1997-இல் ஸ்பினில் மாடல் செய்தபோது ஐந்து பிழைகள் அகப்பட்டன. 1999 மே மாதம் கலம் விண்வெளியில் இருக்கையில் அந்த மென்பொருள் டெட்லாக் ஆகி நின்றது. காரணமான வழு, ஸ்பின் ஏற்கெனவே கண்டுபிடித்த ஒன்றின் அதே அச்சு. ஆனால் மாடல் செய்யப்படாத வேறு பகுதியில் இருந்தது. மாடலுக்குள் வராததை எந்தக் கருவியும் பார்க்காது.

ஸ்பினால் முடியாதவையும் தெளிவானவை. நினைவகத்தில் எழுதப்படுபவை எல்லா ப்ராசஸ்களுக்கும் ஒரே வரிசையில், உடனே தெரியும் என்பது ப்ரொமெலாவின் அடிப்படை. இன்றைய ப்ராசசர்கள் அப்படி எழுதும் வரிசையை முன்பின்னாக மாற்றுவதால் வரும் வழுக்கள் இதில் தெரியாது. லாக் இல்லாத தரவமைப்புகளை அட்டாமிக் மாறிகளால் கட்டுகிறவர்கள், இரண்டு ப்ராசஸ்கள் ஒரே சமயத்தில் உள்ளே நுழையாமல் தடுக்கும் பீட்டர்சன் வழிமுறை ஸ்பினில் தேறிவிட்டதே என்று, எழுதும் வரிசையைக் காக்கும் பேரியரை எடுத்துவிடக் கூடாது. மில்லிநொடிக் கணக்குக்கும் இது உதவாது; கடிகாரம் என்ற கருத்தே மொழியில் இல்லை, 'டைம்அவுட்' என்பது வேறு யாராலும் நகர முடியாத நிலையை மட்டும் குறிக்கும். சி நிரலை எழுதியபடியே சோதிக்க வேண்டுமானால் சிபிஎம்சி என்ற கருவி பொருத்தம். கணங்களும் (செட்) சார்புகளுமாக உயர்மட்டத்தில் சிந்திக்க டிஎல்ஏ ப்ளஸ் என்ற மொழி வசதி. வரைகலை முகப்பான ஐஸ்பின், டிசிஎல்-டிகே காலத்துத் தோற்றத்தோடு இருக்கிறது. முனையமே போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டு ப்ராசஸ், ஒரு சேனல், செய்தி தொலையும் வாய்ப்பு என்று ஆரம்பியுங்கள். முதலில் வேண்டுமென்றே தவறான அஸர்ட் ஒன்றைப் போட்டு அது பிடிபடுகிறதா என்று பாருங்கள். பிடிபட்டால், அதை நீக்கிவிட்டு டெட்லாக் ஓட்டம், பிறகு எல்டிஎல் ஓட்டம். ஒவ்வொன்றிலும் கூட்டல்-கழித்தல் குறிகள், ஆழ எச்சரிக்கை, அன்ரீச்ட் பட்டியல் மூன்றையும் பார்த்த பிறகே மூன்றாவது ப்ராசஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.