பள்ளிப் பிள்ளைகளுக்கான பண்ணைச் சுற்றுலா: தொழுவத்துக்கு முழு மதிப்பெண், கைகழுவும் இடத்துக்குப் பூஜ்யம்

இந்தப் பண்ணைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று இன்னொரு ஆசிரியர் கேட்டால், தாராளமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். சோப்பை மட்டும் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.

இது பிள்ளைகளுக்காக ஜோடித்து வைத்த இடம் இல்லை. பால்மாடு, முட்டைக்கோழி, சுற்றிலும் தீவனப்பயிர் என்று அதை வைத்தே பிழைக்கிற பண்ணை. நான்காம் வகுப்பு மொத்தமும் வந்து இறங்கியதற்காக அங்கே ஒரு வேலையும் நிற்கவில்லை. "கொஞ்சம் ஒதுங்குங்க கண்ணுங்களா" என்று சாண வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வரிசைக்கு நடுவிலேயே புகுந்து போனார். மூக்கைப் பொத்திக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்து அவர் சிரிக்கக்கூட இல்லை, அவருக்கு வேலை இருந்தது. எனக்கு இந்தப் பண்ணையில் பிடித்ததே இதுதான்.

தொழுவத்தைச் சுற்றிக் காட்டியது பண்ணைக்காரம்மாவே. மாட்டுக்கு நான்கு வயிறு என்று பாட்டு மாதிரி ஒப்பிக்கும் பிள்ளைகளிடம் அவர் வயிற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு மாட்டின் தாடையைப் பிடித்து மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். உள்ளே முன்பக்கம் வெறும் தடித்த ஈறு.

"ஆன்ட்டி, இதுக்குப் பல்லு விழுந்துடுச்சா?"

"விழல கண்ணு. மாட்டுக்கு மேல முன்பல்லு முளைக்கவே முளைக்காது."

அப்படியானால் புல்லை எப்படிக் கடிக்கும் என்று அடுத்த கேள்வி. ஒரு கைப்பிடி பசுந்தீவனத்தை நீட்டினார். நாக்கு வெளியே வந்து அதைச் சுற்றி வளைத்து இழுத்தது. அப்புறம் படுத்திருந்த இன்னொரு மாட்டின் பக்கம் கூட்டிப் போய், கழுத்தையே பார்த்துக்கொண்டிருங்கள் என்றார். விழுங்கிய உருண்டை இறங்கியது. சில நொடிகளில் இன்னொரு உருண்டை கழுத்தின் இடப்பக்கமாக மேலே ஏறுவது தோலுக்கு வெளியே தெளிவாகத் தெரிந்தது. எத்தனை தடவை மெல்கிறது என்று எண்ணச் சொன்னார். ஒருத்தி 52 என்றாள், பக்கத்தில் இருந்தவன் 49 என்றான், அதிலேயே ஒரு சண்டை. ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் மாடு இந்த வேலையைத்தான் செய்கிறது என்று அவர் சொன்னபோது, பாடப் புத்தகத்தைப் பார்த்து அசைபோடுதல் பற்றி நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட வரிகளெல்லாம் எவ்வளவு சப்பென்று இருந்தன என்று புரிந்தது.

கன்றுகள் தனிக் கொட்டிலில் இருந்தன. அம்மாவிடமிருந்து ஏன் பிரித்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். அவர் மழுப்பவில்லை. கன்று போட்டால்தான் மாடு பால் தரும், பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தால்தான் கன்றுக்கு நோயைத் தாங்கும் சக்தி வரும், அதைக் கொடுத்த பிறகு புட்டிப்பாலுக்கு மாற்றிவிடுகிறோம், மிச்சப் பாலை விற்றுத்தான் பண்ணை நடக்கிறது என்றார். காளைக்கன்று பிறந்தால்? "வித்துடுவோம்." வாங்குகிறவர்கள் என்ன செய்வார்கள்? "பெரும்பாலும் கறிக்குத்தான் போகும்." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அன்று சாயங்காலமே ஒரு பெற்றோர் போன் போட்டுக் குறைப்பட்டுக்கொண்டார். ஒன்பது வயதுப் பிள்ளை கேட்ட கேள்விக்கு நேரான பதில் கிடைத்திருக்கிறது, இதில் நான் பண்ணைக்காரம்மா பக்கம்.

கோழிக்கூண்டுக்கும் தோட்டத்துக்கும் கூட்டிப் போனவர் வேறு ஆள். கையில் மைக், மனப்பாடம் செய்த பேச்சு. மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு மண்புழு ஆகிவிடும் என்று உற்சாகமாக அறிவித்தார். ஆகாது. தலைப் பக்கம் போதுமான அளவு மிஞ்சினால் அது பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ளலாம், வால் பக்கம் செத்துப்போகும். சோதித்துப் பார்க்கத் தயாரான இரண்டு பையன்களின் கையிலிருந்து புழுவை நான் பிடுங்க வேண்டியதாயிற்று. அதே ஆள் ஒரு பயறுச் செடியை வேரோடு பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளி உள்ளே இருக்கும் இளஞ்சிவப்பைக் காட்டியது மட்டும் அருமை. அந்த நிறம் இருந்தால் உள்ளே இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே மைக்கைக் கீழே வைத்துவிட்டார், ஒருவேளை அதுதான் காரணமோ என்னவோ.

பிள்ளைகள் கறந்து பார்க்க ரப்பர் மடி வைத்த பிளாஸ்டிக் மாடு ஒன்றும் உண்டு. நீளமான வரிசை, நேர விரயம்.

இனி குறை. உள்ளே நுழையும்போது கிருமிநாசினித் தொட்டியில் ஒவ்வொரு பிள்ளையும் செருப்பை நனைத்துத்தான் போக வேண்டும். வெளியிலிருந்து வரும் நோய் மாடுகளுக்குத் தொற்றக் கூடாதாம், நியாயம்தான். ஆனால் மாட்டிடமிருந்து பிள்ளைகளுக்கு எதுவும் வராமல் இருக்க என்ன ஏற்பாடு? சாப்பிடும் இடத்தில் கையில் தடவிக்கொள்ளும் கிருமிநாசினி ஜெல் ஒரு பாட்டில். அவ்வளவுதான். குழாயும் சோப்பும் நுழைவாயில் பக்கம், தொழுவத்தைத் தாண்டி ரொம்ப தூரம். கன்றுக்குட்டி விரலைச் சப்பிய கையோடு எல்லாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க உட்கார்ந்துவிட்டார்கள். சாணமும் எச்சிலும் ஒட்டிய கையில் ஜெல் ஒழுங்காக வேலை செய்யாது. கன்றுகளின் கழிச்சலில் இருக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு ஜெல் ஒரு பொருட்டே இல்லை. நான் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். 2009-ல் இங்கிலாந்தில் காட்ஸ்டோன் என்ற இடத்துப் பண்ணைக்குப் போய்வந்தவர்கள் தொடர்பாக 93 பேருக்கு ஈ.கோலை ஓ157 என்ற குடல் பாக்டீரியாவின் தொற்று வந்தது. பெரும்பாலோர் சின்னப் பிள்ளைகள், சிலருக்குச் சிறுநீரகமே பாதித்தது. அந்தக் கிருமியைச் சுமக்கும் மாடு பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆகவே டப்பாக்களை மூடச் சொல்லி, மொத்த வகுப்பையும் திரும்ப நுழைவாயிலுக்கு நடத்திப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தோம். சாப்பாடு தாமதம், பிள்ளைகளின் முணுமுணுப்பு தனி.

பண்ணைக்காரம்மாவிடம் இதைச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை, சாப்பிடும் கொட்டகைக்கு ஒரு குழாய் இழுப்பது பெரிய வேலையில்லை என்றார்.

மற்றபடி, முன்கூட்டியே ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று அவர்களே கூப்பிட்டார்கள். யாருக்காவது ஆஸ்துமா, ஒவ்வாமை உண்டா என்றும் கேட்டு வாங்கி, ஆஸ்துமா உள்ள பையனை வைக்கோல் கொட்டகைப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டார்கள். கறவை நேரத்தில் மொத்த வகுப்பையும் ஒரே அறையில் விட்டது சரியில்லை, பின்னால் நின்றவர்கள் பார்த்தது முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான். இரண்டு பிரிவாகப் பிரித்து அனுப்பச் சொல்லி முதலிலேயே கேட்டுவிடுங்கள். பதிவு செய்யும்போது இன்னொன்றும் கேளுங்கள்: தொழுவத்தைக் காட்டப் போவது பண்ணைக்காரம்மாவா, மைக்கா?