சாம்பிள் நல்லா வந்துச்சுன்னு நம்பி 42,600 ரூபா போச்சு, புதுசா ஆன்லைன் பிசினஸ் ஆரம்பிக்கிறவங்க தயவுசெஞ்சு படிங்க

அஞ்சு நாளா சரியா தூக்கமில்ல, கோவம் இன்னும் அடங்கல, அதனால முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. 42,600 ரூபா. யாருக்கோ இது சின்ன காசா இருக்கலாம், எங்க வீட்டுக்கு இது அப்பாவோட ரெண்டு மாச சம்பளத்துக்கும் மேல. இதுல 30,000 எங்கம்மா சீட்டு எடுத்த பணம். மீதி 12,600 நான் ஒரு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா சேத்தது.

எனக்கு 22 வயசு, கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். பி.காம் முடிச்சுட்டு வீட்ல இருந்தே இன்ஸ்டாகிராம்ல துணி விக்க ஆரம்பிச்சேன். மொதல்ல திருப்பூர் காதர்பேட்டைல போய் கொழந்தைங்க டி-ஷர்ட், நைட் பேன்ட்டுனு 6,000 ரூபாய்க்கு எடுத்தேன். குன்னத்தூர் வழியா பஸ்ல மூட்டையோட வருவேன், அது ஓரளவு வித்துச்சு. அப்பறம் கேஷ் ஆன் டெலிவரி போட்டா ஆர்டர் நிறைய வரும்னு யாரோ சொல்ல அதையும் போட்டேன், 20 பார்சல் அனுப்புனதுல 9 திரும்பி வந்துருச்சு, போக வர ரெண்டு கூரியர் காசும் என் தலைலதான் விழுந்துச்சு. அது ஒரு அடி. அதோட சிஓடியை நிறுத்திட்டேன். டி-ஷர்ட்ல ஒரு பீஸுக்கு 30, 40தான் நிக்குது, லேடீஸ் குர்தி செட் பண்ணுனா 200, 250 நிக்கும்னு ஒரு கணக்கு போட்டேன், அந்தக் கணக்குலதான் இதுல போய் விழுந்தேன்.

ரீல்ஸ்ல ஒரு விளம்பரம் வந்துச்சு. சூரத் மேனுஃபேக்சரர், டைரக்ட் ஃபேக்டரி ரேட், ஜெய்ப்பூரி காட்டன் பிரிண்ட் குர்தி, பேன்ட், துப்பட்டா மூணும் சேத்து ஒரு செட் 710 ரூபா, ஜிஎஸ்டி உட்பட. பேரு சொல்லல, சொன்னா வேற பேர்ல வந்துருவாங்க, அதுவுமில்லாம பேரைவிட இவங்க ஏமாத்துற விதம்தான் உங்களுக்குத் தெரியணும். வாட்ஸ்அப்ல ஹாய்னு போட்ட ரெண்டாவது நிமிஷம் கால் வந்துச்சு. ஒரு பொண்ணு, சுத்தமான தமிழ்ல "சொல்லுங்க சிஸ்டர், புதுசா ஸ்டார்ட் பண்றீங்களா, பயப்படாதீங்க நான் கைட் பண்றேன்"னு பேசுனா. எனக்கு இந்தி தெரியாது, சூரத்துக்காரங்ககிட்ட எப்படி பேசறதுன்னு இருந்தவளுக்கு அந்தக் கொரல் கேட்டதும் பாதி பயம் போயிருச்சு. தமிழ்ல பேசுனா ஏமாத்த மாட்டாங்கன்னு நமக்குள்ள ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அதைத்தான் இவங்க காசாக்குறாங்க.

நான் ஒண்ணும் எடுத்த எடுப்புல பணம் போடல. சாம்பிள் வேணும்னு கேட்டேன். தாராளமா எடுத்துக்கோங்கன்னு சொன்னாங்க. 2 செட் 1,420 ரூபாய்க்கு வாங்குனேன். ஆறாவது நாள் வந்துருச்சு. தண்ணில நனைச்சுப் பாத்தேன், சாயம் போகல. தையல் நல்லா இருந்துச்சு, உள்ள ஓவர்லாக் எல்லாம் நீட்டா. அம்மா துப்பட்டாவ கைல வெச்சுத் தடவி பாத்துட்டு, "துணி நல்லாத்தான் இருக்குது கண்ணு, இதை எடு"ன்னு சொன்னாங்க. அந்த வாய்லதான் சீட்டுப் பணம் இருக்குது எடுத்துக்கன்னும் சொன்னாங்க. எங்கம்மா சொந்தமா ஒரு நல்ல சேலை வாங்கி நாலு வருஷம் ஆச்சு. அந்த நிமிஷத்த நெனச்சாதான் வயிறு எரியுது.

வீடியோ கால் கூட பண்ணேன். குடோன் காட்டுனாங்க, அடுக்கி வெச்ச பண்டல், நாலு பேரு பேக்கிங் பண்ணிட்டு இருக்காங்க. வேற என்ன பாக்கணும்னு எனக்குத் தோணல. 60 செட் ஆர்டர் பண்ணேன். செப்டம்பர் 12 பாதிப் பணம் 21,300. மூணு நாள் கழிச்சு, பேக்கிங் முடிஞ்சுது சிஸ்டர், லாரி புக்கிங் ஆகணும்னா ஃபுல் பேமெண்ட் வேணும், தீபாவளி ரஷ், லேட் பண்ணா உங்க ஸ்லாட் போயிரும்னு சொன்னாங்க, மீதி 21,300 போட்டேன். மொத்தம் 42,600. யூபிஐல பணம் போடும்போது கடை பேரு வரல, ஏதோ ஒரு தனி ஆளு பேரு வந்துச்சு, கேட்டதுக்கு "அது எங்க ஓனர் அண்ணா அக்கவுண்ட் சிஸ்டர்"னு சொன்னா. நானும் சரின்னுட்டேன்.

அன்னைக்கே நான் என் பேஜ்ல தீபாவளி கலெக்ஷன் வருதுன்னு போட்டேன், 11 பேரு 500 ரூபா அட்வான்ஸ் குடுத்து புக் பண்ணுனாங்க. எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா.

ஒரு வாரம் ஆச்சு, எல்.ஆர் காப்பி, அதாவது லாரில சரக்கு ஏத்துனதுக்குத் தர்ற ரசீது, அனுப்பலயேன்னு கேட்டேன். நாளைக்கு வந்துரும் சிஸ்டர். மறுநாள் கேட்டா சர்வர் டவுன். அதுக்கு மறுநாள் அக்கவுண்ட்ஸ் பாக்கறவரு லீவு. அப்பறம் நவராத்திரி, லேபர் எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்கன்னு. நான் பத்து தடவ கூப்ட்டா ஒரு தடவ எடுப்பாங்க. சிஸ்டர் சிஸ்டர்னு பேசுன அதே பொண்ணு ஒரு நாள் திடீர்னு "மேடம், ஒரு நாளைக்கு எத்தன தடவ கால் பண்ணுவீங்க, எங்களுக்கு உங்க ஆர்டர் மட்டும்தான் வேலையா"ன்னு கேட்டா. சிஸ்டர் எப்ப மேடம் ஆச்சோ அப்பவே எனக்கு உள்ள ஏதோ ஒடிஞ்சு போச்சு, ஆனாலும் வந்துரும் வந்துரும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு இன்னும் ஒரு வாரம் ஓட்டுனேன். அந்த ஒரு வாரம்தான் நான் செஞ்ச பெரிய தப்பு, ஏன்னு கீழ சொல்றேன்.

அக்டோபர் 9 லாரி ஆபீஸ்ல இருந்து போன். அப்பாவும் நானும் டிவிஎஸ்ல போனோம். பார்சல பாத்ததுமே அங்க இருந்த அண்ணா கேட்டாரு, எத்தன செட்டும்மா இதுலன்னு. 60ன்னு சொன்னேன். "60 செட்டுன்னா முப்பது கிலோவாச்சும் வரோணும், இது 11 கிலோதானே போட்டுருக்குது"ன்னு எல்.ஆர காட்டுனாரு. எனக்கு அங்கயே கால் தளந்துருச்சு.

வீட்டுக்கு வந்து ஓபனிங் வீடியோ எடுத்துக்கிட்டே பிரிச்சோம். உள்ள 38 பீஸ். செட் இல்ல, பீஸ். அதுல 31 வெறும் குர்தி, 7 துப்பட்டா, பேன்ட் ஒண்ணு கூட இல்ல. குர்தி பூரா பழைய கேட்லாக், பாதிக்கு மேல கறை, சிலதுல கை ஒரு நீளம் இன்னொரு கை ஒரு நீளம், சைஸ் எல்லாம் ஒண்ணு எஸ் இல்ல டபுள் எக்ஸெல். துணி காட்டனே கிடையாது, கைல புடிச்சாலே வழுக்குது. அம்மா ஒண்ணும் பேசல, ஒவ்வொண்ணா மடிச்சு வெச்சாங்க. கறை பட்டதையும் மடிச்சு வெச்சாங்க.

ஃபோட்டோ வீடியோ எல்லாம் அனுப்புனேன். வந்த பதில் என்ன தெரியுமா, "வீடியோ நடுவுல கட் ஆகியிருக்கு மேடம், கிளெய்ம் ஆகாது". நடுவுல எனக்கு ஒரு கால் வந்துச்சு, பத்து செகண்ட் நின்னு மறுபடி எடுத்தேன், அவ்வளவுதான். அந்த பத்து செகண்ட்ல நான் 60 செட்டையும் எடுத்து ஒளிச்சு வெச்சுட்டனாம். ஓனர்கிட்ட பேசணும்னு சொன்னேன், சார் மீட்டிங்ல இருக்காரு. அப்பாவ விட்டுப் பேச வெச்சேன், ஒரு ஆம்பள எடுத்து இந்தில கத்திட்டு வெச்சுட்டான். மறுநாள் என் நம்பர பிளாக் பண்ணிட்டாங்க. ஃப்ரெண்டு நம்பர்ல இருந்து ஹாய்னு போட்டா உடனே பதில் வருது, "சொல்லுங்க சிஸ்டர், புதுசா ஸ்டார்ட் பண்றீங்களா"ன்னு. அதே வார்த்த.

அதுக்கப்பறம்தான் நான் பாக்க வேண்டியதெல்லாம் பாத்தேன். அவங்க பிடிஎஃப்ல அனுப்புன பில்லுல ஒரு ஜிஎஸ்டி நம்பர் இருந்துச்சு. ஜிஎஸ்டி வெப்சைட்ல லாகின் எதுவும் இல்லாமலே அந்த 15 இலக்க நம்பரப் போட்டுத் தேடலாம், காசும் கிடையாது. போட்டேன். வந்தது ஏதோ எலக்ட்ரிக்கல்ஸ்னு பேரு, ஸ்டேட்டஸ் கேன்சல்டு. நம்பர்ல மொதல் ரெண்டு இலக்கம் மாநிலக் கோடு, தமிழ்நாட்டுக்கு 33, குஜராத்துக்கு 24. இவங்க நம்பர் 07ல ஆரம்பிக்குது, அது டெல்லி. சூரத்துன்னு சொல்ற கடைக்கு டெல்லி நம்பர். அதுமட்டுமில்ல, வேற மாநிலத்துல இருந்து சரக்கு வந்தா பில்லுல ஐஜிஎஸ்டிதான் போடணும், இதுல சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டின்னு ரெண்டா பிரிச்சுப் போட்டுருக்காங்க, அது ஒரே மாநிலத்துக்குள்ள விக்கும்போது போடறது. பி.காம்ல இதப் படிச்சு பரீட்சை எழுதி பாஸ் பண்ணவ நான். பில்ல தெறந்து டோட்டல் மட்டும் பாத்துட்டு மூடிட்டேன். ரெண்டு நிமிஷம் ஒழுங்கா பாத்துருந்தா 42,600 என்கிட்டயே இருந்துருக்கும்.

காதர்பேட்டைல நான் வழக்கமா எடுக்கற கடை அண்ணாகிட்ட சொன்னேன். அவரு கேட்ட மொத கேள்வி, "சூரத்ல பெரும்பாலும் பாலியஸ்டர், சிந்தெடிக் தானம்மா, ஜெய்ப்பூரி காட்டன் எங்க சொந்த ஃபேக்டரின்னு சொன்னா யோசிக்க வேண்டாமா, அது ஜெய்ப்பூர், சங்கானேர் பக்கத்து சரக்காச்சே". சூரத்ல நேர்மையா யாவாரம் பண்றவங்க எத்தனையோ பேரு இருக்காங்க, அவரே அங்க இருந்து சரக்கு எடுக்கறாரு, ஆனா ஆள் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துதான் எடுப்பாராம். இந்த அண்ணாகிட்ட நான் மொதல்லயே ஒரு வார்த்த கேட்டுருக்கலாம், போட்டி ஆயிருமோன்னு நெனச்சு மறைச்சேன்.

சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு கூப்ட்டேன், ஆன்லைன்லயும் கம்ப்ளெயின்ட் பதிஞ்சாச்சு, நம்பர் வந்துருச்சு. எப்ப பணம் போட்டீங்கன்னு கேட்டாங்க. கடைசியா போட்டு 25 நாள் ஆச்சு. உடனே கூப்ட்டுருந்தா போன அக்கவுண்ட்லயே பணத்த நிறுத்தி வெக்க வாய்ப்பு இருந்துச்சு, இப்ப கஷ்டம்தான்னு சொன்னாங்க. மேல சொன்னேன்ல, வந்துரும் வந்துரும்னு ஓட்டுன அந்த வாரம், அதுக்காகத்தான் இன்னும் மனசு ஆறல. பேங்க்ல போனா நீங்களே பின் போட்டு அனுப்புனது, ஃப்ராடு கணக்குல வராதுன்னு ஒரு கவுன்ட்டர், மேனேஜர பாருங்கன்னு ஒரு கவுன்ட்டர், மேனேஜர் லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போங்கன்னாரு. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915லயும் கேட்டேன், மறுபடி விக்கறதுக்காக வாங்குனா அந்த சட்டப்படி நீங்க நுகர்வோர்லயே வர மாட்டீங்கன்னு சொன்னாங்க. எனக்கு இது அன்னைக்கு வரைக்கும் தெரியவே தெரியாது. சொந்தமா உடுத்த ஒரு குர்தி வாங்கி ஏமாந்தா கேக்க எடம் இருக்கு, மறுபடி விக்கறதுக்காக 60 வாங்கி ஏமாந்தா அங்க கேக்க வழியில்ல. இதையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. அதுலயும் இவங்க தெரிஞ்சுதான் அந்தக் கந்தல அனுப்பியிருக்காங்க, ஒண்ணுமே அனுப்பலன்னா திருட்டு, ஏதோ ஒண்ண அனுப்பிட்டா சரக்குல தகராறுன்னு பேச்ச மாத்திரலாம்ல.

புக் பண்ண 11 பேருக்கும் அட்வான்ஸ் 5,500 திருப்பிப் போட்டுட்டேன். பத்து பேரு பரவால்லன்னாங்க. ஒரு அக்கா மட்டும், பொண்ணுக்கு தல தீபாவளிக்குன்னு நம்பி இருந்தேன், கடைசி நேரத்துல இப்படி பண்ணிட்டியேம்மான்னு வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க. அவங்க கேட்டது நியாயம்தான். அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல. அவங்க கண்ணுக்கு நானும் அந்த சூரத்துக்காரங்களும் ஒண்ணுதானே.

என்னென்ன பாக்கணும்னு ஒண்ணு விடாம விளக்கமா எழுதணும்னு நெனச்சுதான் உக்காந்தேன், முடியல, அவசரமா நாலு விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போறேன். சாம்பிள் நல்லா வந்தா அது சாம்பிள் நல்லா வந்துச்சுன்னுதான் அர்த்தம், வேற எதுக்கும் அது சாட்சி இல்ல, 42,600 வரும்னா 1,420 ரூபாய்க்கு நல்ல துணி அனுப்பறது அவங்களுக்கு ஒரு செலவே இல்ல. பணம் போடறதுக்கு முன்னாடி ஜிஎஸ்டி நம்பர் கேட்டு நீங்களே தேடிப் பாருங்க, பேரு, ஊரு, ஆக்டிவா இருக்கான்னு, அந்தப் பேரும் பணம் போற அக்கவுண்ட் பேரும் ஒத்துப்போகலன்னா போடாதீங்க, ஓனர் அண்ணா அக்கவுண்ட் கதையெல்லாம் கேக்காதீங்க. எல்.ஆர்ல வெயிட்டு பாருங்க. ஓபனிங் வீடியோ எடுக்கும்போது ஃபோன ஏரோப்ளேன் மோடுல போடுங்க, நடுவுல கால் வரக்கூடாது. ரெண்டு நாள் சாக்கு சொன்னா மூணாவது நாள் 1930, என்ன மாதிரி வாரக்கணக்குல காத்திருக்காதீங்க. மொத ஆர்டர் எவ்வளவு ஆச கெளப்புனாலும் பத்து செட்டுக்கு மேல வேண்டவே வேண்டாம், அதுவும் அம்மா சீட்டுப் பணத்துல வேண்டவே வேண்டாம்.

நாளைக்கு காலைல அப்பா மில்லுக்கு லீவு போட்டுருக்காங்க, ரெண்டு பேரும் ஈரோட்டுல சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குப் போறோம். சாட் எல்லாம் பிரிண்ட் எடுத்தேன், 64 பக்கம் வந்துருக்கு. இதே மாதிரி தமிழ்ல பேசுற சூரத் குர்தி ஆளுங்ககிட்ட நீங்களும் ஏமாந்துருந்தா, சின்ன தொகைதானேன்னு விடாம நீங்களும் கம்ப்ளெயின்ட் குடுங்க, 2,000 போனாலும் குடுங்க. ஒரே அக்கவுண்ட் மேல நாலஞ்சு புகார் சேந்தாதான் இத தனி ஆள் தகராறுன்னு யாரும் தள்ளிவிட முடியாது.