16 சக்கரமா, ட்ரெய்லரா: ஆர்.சி. எடையும் ஆக்சில் கணக்கும்

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பெரிய வண்டி எடுக்க நினைப்பவர் பெரும்பாலும் மூன்றில் ஒன்றில் வந்து நிற்பார். ஒன்று 16 சக்கர லாரி, வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை 47.5 டன். இன்னொன்று 6 சக்கர இழுவை வண்டியும் மூன்று ஆக்சில் (சக்கர அச்சு) ட்ரெய்லரும் சேர்ந்த 18 சக்கரம், 45.5 டன். மூன்றாவது, அதே ட்ரெய்லரை 10 சக்கர இழுவை வண்டியில் மாட்டிய 22 சக்கரம், 55 டன். ஷோரூமில் இந்த மொத்த எடையைத்தான் முதலில் சொல்வார்கள். காலி வண்டி எவ்வளவு, ஒவ்வொரு ஆக்சிலுக்கும் எவ்வளவு என்று நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

2018 ஜூலையில் மத்திய அரசு வரம்பை உயர்த்தியது. இரண்டு டயர் உள்ள முன் ஆக்சிலுக்கு 7.5 டன். நான்கு டயர் ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆனது, இரட்டை ஆக்சிலுக்கு 19 போய் 21, மூன்று ஆக்சில் தொகுதிக்கு 24 போய் 27. ஆனால் ரோட்டில் அதிகாரிகள் பார்ப்பது ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றைத்தான். அதில் ஏறாத எடை, அறிவிப்பில் இருந்தாலும் உங்கள் வண்டிக்கு உதவாது.

காலி எடையைக் கழித்துப் பார்த்தால் படம் மாறும். 16 சக்கரம் பாடியோடு சுமார் 14 டன் வரும், மிச்சம் 33.5 டன் லோடு. 18 சக்கரத்தில் இழுவை வண்டி 7, 40 அடி ட்ரெய்லர் 8.5, காகிதத்தில் மிச்சம் 30 டன். 22 சக்கரத்தில் இழுவை 9.2, மிச்சம் 37 டன்னுக்குக் கொஞ்சம் மேல். மக்காச்சோளம், சிமெண்ட் மூட்டை, கோழித்தீவனம் ஓட்டுபவருக்கு 18 சக்கரத்தைவிட 16 சக்கரமே மேல்: டயர் இரண்டு குறைவு, லோடு மூன்றரை டன் கூடுதல். வைகுந்தம், விஜயமங்கலம் டோல்கேட்டில் மூன்று வண்டிக்கும் ஒரே கட்டணம்தான். 4 முதல் 6 ஆக்சில் வரை ஒரே வகுப்பு.

ட்ரெய்லர் ஜெயிப்பது நீளத்தில். 12 மீட்டர் கம்பி 40 அடித் தளத்தில் அடங்கும், 16 சக்கரப் பாடியில் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். லோடு பாடிக்கு வெளியே நீட்டினால், எடை சரியாக இருந்தாலும், மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய் தனி அபராதம். கம்பியும் காயிலும் (எஃகுத் தகட்டுச் சுருள்) ஓட்டுபவர் ட்ரெய்லருக்குப் போவது சரிதான். ஆனால் எந்த இழுவை வண்டி என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஒரே ட்ரெய்லரை எடுத்துக்கொள்வோம். கிங்பின்னிலிருந்து, அதாவது ட்ரெய்லரை இழுவை வண்டியில் மாட்டும் முளையிலிருந்து, மூன்று ஆக்சிலின் நடு வரை 8 மீட்டர். தளத்தின் நடு, கிங்பின்னுக்கு 5.1 மீட்டர் பின்னால். 18 சக்கரத்தில் 28.6 டன்னைத் தளம் முழுக்கச் சமமாகப் பரப்பினால், கிங்பின்னில் 10.4 டன் லோடு, ட்ரெய்லரின் சொந்த எடையில் 2.7 டன், ஆக 13.1 டன் உட்காரும். இழுவை வண்டியின் பின் ஆக்சில் 14 டன்னைத் தாண்டிவிடும், வரம்போ 11.5. மொத்த எடை 44.1 டன், எடைச் சீட்டில் குறையே இல்லை. அந்த ஒரு ஆக்சிலில் இரண்டரை டன் அதிகம். இதே வண்டியில் லோடின் நடுவை முக்கால் மீட்டருக்கு மேல் பின்னால் தள்ளினால் எல்லாம் வரம்புக்குள் வந்துவிடும். காகிதத்தில் சொன்ன 30 டன் மட்டும் வராது. முன் ஆக்சிலில் இடம் காலியாகவே நிற்கும்.

22 சக்கரத்தில் நிலைமை தலைகீழ். 36.5 டன்னைச் சமமாகப் பரப்பினால் இழுவைக்குக் குறையில்லை, ட்ரெய்லரின் மூன்று ஆக்சில் 29 டன்னுக்குப் போகும். வரம்பு 27. இங்கே லோடை அரை மீட்டர் முன்னால் நகர்த்த வேண்டும். ஆகவே இழுவை வண்டி மாறினால் காயில் உட்காரும் இடமும் ஒரு மீட்டருக்கு மேல் மாறும். பழைய இடத்திலேயே கட்டை வைத்து ஏற்றுகிறவர்களுக்குத்தான் டயர் சூடேறி வெடிப்பதும் இலைப்பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உடைவதும் அடிக்கடி நடக்கிறது. ட்ரெய்லர் தளத்தின் பக்கச் சட்டத்தில் இரண்டு வண்டிக்கும் இரண்டு நிறத்தில் பெயின்ட் கோடு போட்டு வைத்தால் கிரேன்காரருக்குச் சொல்ல வேண்டிய வேலையே இல்லை.

அபராதத்தில் மூன்று வண்டிக்கும் வித்தியாசம் கிடையாது. 2019 செப்டம்பர் 1 முதல் 194(1) பிரிவில் அதிக எடைக்கு 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மூன்று டன் கூடினால் 26,000. அதற்கு முன் இது 2,000, டன்னுக்கு 1,000 என்று இருந்தது. அதிக லோடை இறக்காமல் வண்டியை நகர்த்தவும் முடியாது, இறக்கும் செலவும் நம் தலையில். பெருந்துறைக்கு முன்னால் ரோட்டோரத்தில் 14 டன் காயிலை இறக்கக் கிரேன் தேடுவது அபராதத்தைவிடப் பெரிய தண்டனை. எடை போட நிறுத்தாமல் போனால் 40,000. 114வது பிரிவின்படி, போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள்ளோ சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளோ எடை மேடை இருந்தால் அங்கே கொண்டுபோகச் சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. அங்கே போட்ட சீட்டின் நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஆக்சில் எடை பார்ப்பது பத்து நிமிட வேலை. 18 மீட்டர் மேடை உள்ள இடமாகப் பாருங்கள். முதலில் முன் ஆக்சில் மட்டும் மேடையில் ஏறட்டும், குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இழுவை வண்டி முழுக்க. கழித்தால் பின் ஆக்சில். கடைசியில் வண்டி முழுக்க, கழித்தால் ட்ரெய்லர். ஒவ்வொரு முறையும் பிரேக்கை விட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, வண்டி அசைவு நின்ற பிறகு படிக்க வேண்டும். பிரேக் பிடித்திருந்தால் எடை ஒரு ஆக்சிலிலிருந்து இன்னொன்றுக்கு ஏறிக்கொள்ளும். மேடைக்கு ஏறும் பாதை சரிவாக இருந்தாலும் அப்படித்தான். அங்கே மொத்த எடையை மட்டும் நம்பலாம். 9 மீட்டர் மேடையில் இரண்டு தடவையாகப் போட்டுக் கூட்டிய சீட்டு ட்ரெய்லருக்குச் சரிவராது. 16 சக்கரத்தில் லிஃப்ட் ஆக்சில் (தூக்கி இறக்கக்கூடிய ஆக்சில்) தரையில் இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மேடையேற்றுங்கள். அது தூக்கியிருந்தால் அந்தச் சுமை பக்கத்து ஆக்சில்களில்தான் ஏறும்.

திருப்பூர் பனியன் கன்டெய்னர் தூத்துக்குடிக்கு ஓட்டுபவருக்கு இந்த மூன்றுமே தேவையில்லை. பனியன் லோடு இடத்தை அடைக்கும், எடை ஏறாது. இரண்டு ஆக்சில் ட்ரெய்லரோடு 39.5 டன் வண்டி போதும். மைசூர்ப் பக்கம் திம்பம் வழியாகப் போகிறவர் ட்ரெய்லரை நினைக்கவே வேண்டாம். 27 கொண்டை ஊசி வளைவில் 40 அடித் தளம் எதிர்ப்பக்கத்தையும் சேர்த்தே அடைக்கும்.