ஒரே வீடு, சம பங்கு, மூன்று வரி: நாங்கள் நாடிய ஆடிட்டர் அலுவலகம் பற்றி

மேற்கு மாம்பலத்தில் அப்பா 1988இல் வாங்கி, 2015இல் அவர் காலமான பிறகு அக்கா, நான், சிங்கப்பூரில் வசிக்கும் தம்பி ஆகிய மூவருக்கும் சம பங்காக வந்த வாடகை வீட்டை, 2025 செப்டம்பரில் 1.44 கோடி ரூபாய்க்கு விற்றோம். மூவரின் வரிக்கணக்கையும் 36,000 ரூபாய்க் கட்டணத்தில் பார்த்துத் தந்த ஆடிட்டர் அலுவலகத்தைப் பற்றிய மதிப்பீடு இது. குறையும் சொல்லப்போவதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

விற்பனை விலைக்கு முன்பாகவே, வாடகை யார் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது என்று விசாரித்தார்கள். அக்காதான் வாங்கி, முழுவதையும் தம் வருமானமாகக் காட்டிவந்தார். பங்கு வரையறுக்கப்பட்ட கூட்டுச் சொத்தில் வாடகையும் விற்பனை லாபமும் அவரவர் ரிட்டர்னில் தனித்தனியே வரவேண்டும் என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

அவர்களுடைய கைத்தேர்ச்சி தெரிந்தது 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை நிர்ணயித்தபோது. அதற்கு முன் வாங்கிய சொத்துக்கு அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. வேல்யூவர் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதித் தருவார் என்று புரோக்கர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், ஆடிட்டர் 24 லட்சத்தில் நிறுத்தினார். விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப அடக்க விலையை உயர்த்திக் காட்டும் குறியீட்டை, அப்பா மறைந்த ஆண்டிலிருந்து எண்ணாமல் 2001இலிருந்தே எண்ணுவதற்கு, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டினார்.

என் பங்குக்கு விற்பனை 48 லட்சம், அடக்கம் 8 லட்சம். 40 லட்ச லாபத்துக்கு 12.5 சதவீதம் என்றால் வரி 5 லட்சம். 2024 ஜூலை 23க்கு முன் கைக்கு வந்த நிலம், கட்டடத்துக்கு, இந்தியாவில் வசிப்பவர் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய முறைக் கணக்கோடு ஒப்பிட்டுக் குறைவானதைச் செலுத்தலாம் என்பதால், குறியீட்டு எண் 376இன்படி அடக்கம் 3.76 மடங்காக, 30.08 லட்சமாகி, மீதி 17.92 லட்சத்துக்கு 20 சதவீதமாக 3,58,400 ரூபாயும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் கட்டினேன். தம்பிக்கு அந்தச் சலுகை கிடையாது. அவனுக்கு 5 லட்சமும் செஸும். அக்கா ஆறு மாதத்துக்குள் 40 லட்சத்தை, விற்பனை லாபத்துக்கு வரிவிலக்கு தரும் 54இசி பத்திரங்களில் போட்டு, ஐந்தாண்டு முடக்கத்தை ஏற்று, வரியே இல்லாமல் முடித்தார்.

குறை டிடிஎஸ், அதாவது வாங்குபவர் பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வரி விஷயத்தில். ஒவ்வொரு பங்கும் 50 லட்சத்துக்குக் கீழ் இருப்பதால் 1 சதவீதப் பிடித்தம் வராது என்று அலுவலக உதவியாளர் சொல்லிவிட்டார். 2024 அக்டோபர் முதல் எல்லாப் பங்குகளையும் கூட்டித்தான் அந்த வரம்பைப் பார்க்க வேண்டும் என்பதை வாங்குபவர் தரப்புதான் சுட்டிக்காட்டியது. தம்பி விஷயம் அதைவிட மோசம். வெளிநாட்டில் வசிப்பவருக்குப் பிடித்தம் 1 சதவீதத்தில் நிற்காது, குறைவாகப் பிடிக்கச் சான்றிதழ் வேண்டுமானால் அப்போதைய படிவம் 13இல் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை, அட்வான்ஸ் வாங்கிய பிறகே எங்களிடம் சொன்னார்கள். வாங்குபவர் காத்திருக்க மறுத்து, லாபத்தைப் பார்க்காமல் 48 லட்சம் முழுவதற்கும் செஸ் உட்பட 6.24 லட்சம் பிடித்துவிட்டார். கூடுதலான 1.04 லட்சத்துக்குத் தம்பி ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்டுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பங்குதாரர் அனைவரும் உள்ளூரில் இருந்தால் இதே அலுவலகத்துக்கு மறுபடியும் போவேன். ஒருவராவது வெளிநாட்டில் இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் குறைவான பிடித்தத்துக்கான சான்றிதழ் வேலையை நன்கு அறிந்த வேறொருவரைப் பார்ப்பேன்.